கடனுக்குப் பெயர் உதவி!

"ஐயா, உதவி என்றால் திருப்பித் தர வேண்டுமா?"

மயிலம் வட்டாரத்துப் பள்ளியொன்றில் சமூக அறிவியல் ஆசிரியன் நான். பத்தாம் வகுப்பில் உலகமயம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் 'வெளிநாட்டு உதவி' என்று எழுதினேன். அதனடியில் 'வட்டி' என்றெழுதினேன். அதற்கும் அடியில் 'தவணை' என்றெழுதினேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்தது அந்தக் கேள்வி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவன் அறியாமையால் கேட்டான் என்று மற்றவர் சிரித்தனர். அறியாமை அவனிடமா இருந்தது? சுண்ணக்கட்டி பிடித்த என் கையில் அல்லவா இருந்தது!

நம் ஊர்ப் பக்கம் பணம் கைமாறும் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் உண்டு. அவசரத்துக்கு வட்டியின்றி வாங்கி, அறுவடை முடிந்ததும் கொடுப்பது கைமாற்று. திருமண வீட்டில் எழுதி வைத்து, நம் வீட்டுத் திருமணத்தில் திரும்பி வருவது மொய். நகையை வைத்து வாங்கினால் அடகு. வட்டிக்கு வாங்கினால் கடன். கழுத்தை நெரிக்கும் வட்டியென்றால் கந்துவட்டி. இவற்றில் எதற்கும் 'உதவி' என்ற பெயர் கிடையாது. திரும்பக் கேளாமல் கொடுப்பது ஒன்றே உதவி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்த வேறுபாடு இது. ஆனால், கற்றோர் எழுதும் அறிக்கையில், கனவான்கள் கூடும் மாநாட்டில், ஏடுகளின் தலைப்பில் கடனும் உதவி, விற்பனையும் உதவி, அடகும் உதவி!

திறனாய்வு என்றால் காப்பியத்தையும் கவிதையையும் ஆராய்வது மட்டுமே என்று எண்ணுவோர் உளர். காப்பியத்தில் ஒரு சொல் பிழைபட்டால் கற்பவனுக்குச் சுவை குன்றும். நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சொல் பிழைபட்டால் உழைப்பவனுக்குச் சோறு குன்றும். எதை முதலில் ஆராய வேண்டும்? இரு சொற்களை எடுத்துக்கொள்வோம், தோழர்களே! ஒன்று 'உதவி'. மற்றொன்று 'சீர்திருத்தம்'. இவ்விரு சொற்களும் கைகோத்துக்கொண்டுதான் ஏழை நாடுகளின் வாயிற்கதவைத் தட்டுகின்றன. உதவி வேண்டுமா, சீர்திருத்தம் செய் என்பர். சீர்திருத்தம் செய்தாயா, இதோ உதவி என்பர். சொல்லுக்கும் பொருளுக்கும் உறவு உண்டா என்று பார்க்க வேண்டியது நம் கடமை.

முதலில் உதவி.

1954ஆம் ஆண்டு அமெரிக்க நாடு 'பொதுச்சட்டம் 480' என்றொரு சட்டம் இயற்றிற்று. அதன் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், 'வேளாண் வணிக வளர்ச்சி மற்றும் உதவிச் சட்டம்' என்று வரும். பெயரைக் கூர்ந்து பாருங்கள். வணிகம் முன்னே நடக்கிறது. உதவி பின்னே வருகிறது. அந்நாட்டுக் களஞ்சியங்களில் மலையெனக் குவிந்த கோதுமைக்குச் சந்தை வேண்டும். இந்நாட்டு வயிறுகளுக்குக் கோதுமை வேண்டும். 1956இல் இந்திய அரசு முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. விலையை ரூபாயில் கட்டலாம் என்பது சலுகை. சலுகை இல்லையென்று சொல்வார் இல்லை. அதற்குப் பெயர் சலுகை விலை விற்பனை. உதவி என்பது விளம்பரம்!

விளம்பரத்துக்கு விலை பின்னால் வந்தது. 1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்திறங்க வேண்டிய நிலை. கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற அந்த நாளில், குடியரசுத் தலைவர் ஜான்சன் தானியத்தை ஆண்டுக் கணக்கில் வழங்காமல், சிறுகச் சிறுக அளந்து விட்டார். வேளாண் கொள்கையை மாற்று என்ற அறிவுரை ஒருபுறம். வியட்நாம் போரைக் கண்டித்து இந்தியா பேசியதில் எழுந்த எரிச்சல் மற்றொருபுறம். கயிற்றின் நுனி கொடுத்தவன் கையில். சுருக்கு வாங்கியவன் கழுத்தில்.

அதே ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது, 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. உலக வங்கியும் உதவி நாடுகளும் வற்புறுத்திய சீர்திருத்தம் அது. செய்தால் பெருந்தொகை வரும் என்று நம்பிச் செய்தனர். மதிப்பிறக்கம் உடனே வந்தது. எதிர்பார்த்த பெருந்தொகையோ, எதிர்பார்த்த ஆண்டுகளுக்கு எதிர்பார்த்த அளவில் வந்து சேரவில்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை நம் நாட்டுப் பழமொழியில் உண்டு. அதை டில்லியில் நடத்திக் காட்டிய ஆண்டு 1966.

அப்படியானால் வெளியிலிருந்து வந்தவை எல்லாமே தீமையா? அப்படி உரைப்பது ஆராய்ச்சியன்று, ஆத்திரம். அதே நெருக்கடியின்போது மைய அரசில் வேளாண் அமைச்சராக இருந்தவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தார். எதிர்ப்பு இருந்தது, ஐயம் இருந்தது. ஆயினும் வந்த மூட்டைக்கும் மூட்டைக்கும் வேறுபாடு காணுங்கள். கோதுமை மூட்டை வந்தது, உண்டோம், தீர்ந்தது. அடுத்த மூட்டைக்குக் கையேந்தினோம். விதை மூட்டை வந்தது, விதைத்தோம், விளைந்தது, கையேந்துவது குறைந்தது. வயலுக்கு நீரும் உரமும் வாங்க வல்லவன் முந்தினான், ஏழை உழவன் பிந்தினான் என்ற குறை அதில் உண்டு. என்றாலும், கொடுத்தவனைத் தேடும் தேவையைக் குறைத்தது அது. உதவி என்ற சொல்லுக்கு ஓரளவேனும் பொருத்தமானது விதை மூட்டையே.

நம் பள்ளிக்கூடத்துச் சோற்றையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். 1920இல் நீதிக்கட்சியினர் ஆண்ட சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் மாநிலமெங்கும் மதிய உணவு தொடங்கிற்று. ஊர்மக்கள் அரிசியும் காய்கறியும் தந்தனர், அரசும் பங்கேற்றது. பின்னர் 1960களில் 'கேர்' என்னும் அமெரிக்க அமைப்பு பால்மாவும் எண்ணெயும் மக்காச்சோள மாவும் தந்து துணை நின்றது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இடையில் பால்மா வருவது நின்றது, சோறு நிற்கவில்லை. ஏன்? திட்டம் நம்முடையது. அடுப்பு நம்முடையது. முடிவும் நம்முடையது. வந்தவன் ஒரு கை கொடுத்தான்; வீட்டை அவன் கையில் நாம் கொடுக்கவில்லை.

மூன்றாவது சான்று நம் மாவட்டத்தின் சான்று. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அதற்கு முன் நாம் தென்னார்க்காடு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991-92இல் தென்னார்க்காட்டுக்கு வந்தது. அதுவும் கடன்தான். ஆயினும், அந்தக் கடனைக் கொண்டு செய்தது என்ன? இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்தனர். வாரந்தோறும் சிறுதொகை சேர்த்தனர். தம் பெயரைத் தாமே எழுதக் கற்றனர். கணவன் துணையின்றி வங்கிப் படியேறினர். வெளித்துணை முடிந்த பிறகும் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநில அரசே அதை ஏற்று நடத்திற்று. சேமித்த பணத்தைவிடப் பெரிது, வங்கி அலுவலர் முன்னே நாற்காலியில் அமர்ந்து பேசிய துணிவு. அந்த வட்டத்தையே வழியாக்கிக்கொண்டு, பிற்காலத்தில் தனியார் வட்டிக் கடைகள் 'குழுக் கடன்' என்ற பெயரில் தெருத்தெருவாக நுழைந்த கதையும் உண்டு. இன்று வாரத் தவணை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கழனிக்குப் போய்விடும் தாய்மார்களை என் மாணவர்கள் அறிவர். நல்ல திட்டத்தைப் பெற்றால் மட்டும் போதாது. காவலும் வேண்டும் என்பதற்கு இது பாடம்.

இனிச் சீர்திருத்தம்.

தோழர்களே, இது நம்முடைய சொல்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று தீர்மானித்தோமே, அதற்குப் பெயர் சீர்திருத்தம். புரோகிதனின்றி, புரியாத மந்திரமின்றி, மாலை மாற்றி மணந்துகொண்டவர்களின் திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு சட்டம் செய்ததே, அதற்குப் பெயர் சீர்திருத்தம். 1929இன் தீர்மானம் 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமாயிற்றே, அதற்குப் பெயர் சீர்திருத்தம். சீர்கெட்டதைத் திருத்துவது, தாழ்ந்தவரை நிமிர்த்துவது, பூட்டிய கதவைத் திறப்பது. இந்தச் சொல்லை 1991க்குப் பிறகு பொருளியலார் எடுத்துக்கொண்டனர். எடுத்துக்கொள்ளட்டும். சொல் எவர்க்கும் தனிச்சொத்தன்று. ஆனால், எடுத்த சொல்லுக்குரிய வேலையை அவர்கள் செய்தார்களா?

1991 எப்படிப்பட்ட ஆண்டு? நாட்டின் கையிருப்பு அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை. ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பி, ஏறத்தாழ 40 கோடி டாலர் பெற்றது. குடும்பத்துத் தாலியை அடகுக் கடைக்கு அனுப்பிய வீட்டின் துயரம் அன்று நாட்டுக்கு நேர்ந்தது. ஜூலை முதல் வாரத்தில் இரண்டு முறை ரூபாய் மதிப்பிழந்தது. ஜூலை 24ஆம் நாள் நிதியமைச்சர் மன்மோகன் சிங் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தார். உரையின் முடிவில் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவை மேற்கோள் காட்டினார். ஆகவே, அந்த உரையை இலக்கியமாகக் கருதி ஆராய எனக்கு உரிமை உண்டு!

அந்த உரையின் ஒரு பகுதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். அதற்கு முந்திய காலம் பொற்காலமன்று. தொழில் தொடங்க உரிமம், விரிவாக்க உரிமம், உறுப்பு வாங்க உரிமம்! தொலைபேசிக்கும் ஸ்கூட்டருக்கும் எழுதி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. உரிமம் எவர்க்குக் கிடைத்தது? டில்லிக்குப் பறந்து சென்று, தாழ்வாரங்களில் காத்திருந்து, தக்கவரைக் கண்டு பேச வல்ல சில குடும்பங்களுக்கு. நம் மாநிலத்துத் தொழிலுக்கு டில்லியின் கையெழுத்துக்குத் தவம் கிடக்க வேண்டியிருந்தது. அந்தத் தளை அறுந்தது நன்று. தளை அறுந்த பிறகுதான் மறைமலை நகரும் திருப்பெரும்புதூரும் மோட்டார் வண்டித் தொழிலின் நகரங்களாயின. கூட்டேரிப்பட்டுச் சாலைமுனையில் நின்று, சென்னை வழியே செல்லும் பேருந்துக்கு ஓடும் நம்மூர் இளைஞரைப் பாருங்கள். தந்தைக்கு இல்லாத ஊதியம் மகனுக்கு வந்ததை மறுப்பவன் பகுத்தறிவாளன் ஆகான்.

ஆனால், அந்தத் திருத்தம் மற்றொரு கதவு வழியாகவும் வந்தது. அது நம் கழனியின் கதவு.

நிலக்கடலைக்கு நம் ஊரில் மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகக் குறுகிற்று. பெயரிலேயே கப்பற் பயணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டுச் செம்மண் பூமியில் விளைந்த கடலை, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகருக்குப் போயிற்று. அங்கே சவர்க்காரமும் எண்ணெயும் ஆயிற்று. உலக வணிகம் நமக்குப் புதிதன்று, தோழர்களே! திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 1940இல் வெளிவந்த கடலை வகைக்கு 'டி.எம்.வி. 2' என்று பெயர். குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த வகை அது. 'டி.எம்.வி.' என்ற மூன்றெழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கம். ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பல்லாண்டு அந்த வகையை விதைத்தனர். நம் ஊரின் பெயரை மூட்டையில் சுமந்து சென்றது ஒரு விதை! எவரிடமும் கையேந்தாமல், பிறர் கைக்கு நாம் கொடுத்த உதவி அது.

1986இல் மைய அரசு எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி நாட்டிலேயே கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் இறக்குமதி மிகச் சொற்பம். அடுத்து வந்தது சீர்திருத்தம். 1994இல் பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு நீங்கிற்று. 65 விழுக்காடாக இருந்த வரி, 1995இல் 30 ஆயிற்று. 1996இல் 20 ஆயிற்று. 1998இல் 15 ஆயிற்று. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எண்ணெய் வெள்ளமெனப் பாய்ந்தது. இன்று நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டது. ஐந்தாறு ஆண்டில் கட்டியது, ஐந்தாறு ஆண்டில் சரிந்தது.

இங்கேதான் கோபத்தோடு எழுதுகோலை ஓடவிடாமல் நிறுத்திச் சிந்திக்க வேண்டும். 2007 முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் பாமாயில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கொண்டுவந்தது நம்மவர் ஆட்சியே. அது வந்ததால் ஏழை வீட்டுச் சட்டியில் எண்ணெய் ஏறியது உண்மை. தாளிப்பதற்குக் கூட எண்ணெயில்லாத வீட்டுக்கு அந்தப் பை பெரும் பேறு. ஆனால், அந்த வீடு எவருடைய வீடு? மல்லாட்டை விளைவித்தவன் வீடும் அதுதானே! ஒரு கையால் குடும்ப அட்டையை நீட்டி மலிவு எண்ணெயை வாங்குகிறான். மறு கையால் கடலை மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு, விலை கேட்டு வாடி நிற்கிறான். இரண்டு கையும் ஒருவன் கையே! நுகர்வோனுக்கு நன்மை, உழவனுக்குத் தீமை என்று நூல்கள் இரண்டு ஆளாகப் பிரித்து எழுதுகின்றன. மயிலத்துச் சாலையில் அவர்கள் இருவரும் ஒரே சட்டைக்குள் நடந்து வருகின்றனர்.

அன்று கேள்வி கேட்ட மாணவனின் குடும்பமும் அப்படிப்பட்டதே. பாட்டன் நாளில் மல்லாட்டை விளைந்த இரண்டு காணியில் இன்று சவுக்கு நிற்கிறது. மழை, கூலி, காட்டுப்பன்றி, பூச்சி எனப் பல காரணங்களை அவன் தந்தை என்னிடம் அடுக்கினார். இறக்குமதி ஒன்றே காரணம் என்று நான் எழுதினால் அது மிகை. ஆனால், மழையைத் திருத்த எவராலும் ஆகாது; வரியைத் திருத்தியது மனிதர் அல்லவா? அந்த மனிதர் திருத்தும்போது, அந்த இரண்டு காணியின் கணக்கை எவரேனும் கேட்டனரா? நுகர்வோன் கையில் மலிவு எண்ணெயைக் கொடுத்தவர், அதே சமயத்தில் உழவன் கையில் ஈடாக எதைக் கொடுத்தனர்? திருத்தம் வந்தது, திருத்தத்தால் தாழ்ந்தவனுக்குத் துணை வரவில்லை. சீர் ஓரிடத்திலும் திருத்தம் வேறிடத்திலும் நின்றால் அதற்குச் சீர்திருத்தம் என்ற பெயர் தகுமா?

உலகத்தைக் கண்டு வருவோம். சோவியத் ஒன்றியம் உடைந்தபின், 1992 ஜனவரி 2ஆம் நாள் ரஷ்யாவில் பெரும்பாலான விலைகளைக் கட்டவிழ்த்துவிட்டனர். ஒரே நாளில் பாய்ந்தால்தான் பள்ளத்தைத் தாண்ட முடியும் என்று வெளிநாட்டு வல்லுநர்கள் அறிவுரைத்தனர். அவ்வாண்டில் விலைகள் இருபது மடங்குக்கு மேல் ஏறின. முதியோர் வாழ்நாளெல்லாம் சேமித்த பணம் ஒரு குளிர்காலத்தில் கரைந்தது. எண்ணெய்க் கிணறுகளும் உலோக ஆலைகளும் ஒரு சிலர் கைக்குப் போயின. 1990இல் ஏறத்தாழ 64 ஆண்டாக இருந்த ஆண்களின் சராசரி ஆயுள், 1994இல் 58 ஆண்டுக்கும் கீழே இறங்கிற்று. பன்னாட்டு நிதியத்தின் கடன் வந்துகொண்டே இருந்தது. இருந்தும் 1998 ஆகஸ்டில் அந்நாடு கடனைக் கட்ட இயலாது என்று கைவிரித்தது. போலந்தும் அதே காலத்தில் மாறிய நாடுதான். அங்கும் துன்பம் இல்லாமலில்லை. ஆனால், 1991இல் கடன் கொடுத்த அரசுகள் அந்நாட்டுக் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்தன. போரில் தோற்ற மேற்கு ஜெர்மனிக்கும் 1953இல் இலண்டன் ஒப்பந்தம் வழியாகக் கடனில் ஏறத்தாழப் பாதி குறைந்தது. திரும்பக் கேளாமல் விட்ட தொகை உண்மையில் உதவிதான்! முதுகில் சுமையை ஏற்றிவிட்டு, ஓடக் கற்றுத் தருகிறேன் என்பவன் ஆசானல்லன்.

கடல் கடந்தும் போக வேண்டாம். பாக்கு நீரிணையைத் தாண்டினால் போதும். 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று இலங்கை அறிவித்தது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் நான்காண்டுத் திட்டத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. அதையொட்டி மின்கட்டணம் ஏறியது; வரி ஏறியது. உள்நாட்டுக் கடனைச் சீரமைக்க வேண்டும் என்று வந்தபோது, 2023இல் சுமை எங்கே இறங்கிற்று? வங்கிகளை விலக்கி வைத்தனர். உழைப்போரின் சேமலாப நிதி, ஓய்வுக் காலத்துக்கென்று வியர்வையில் சேர்த்த நிதி, அதன் எதிர்கால வட்டியில்தான் இறங்கிற்று. கடன் வாங்கியவர் ஆண்டவர், கையெழுத்திட்டவர் ஆண்டவர், கட்டுபவர் தையல் ஆலைப் பெண்! இதற்கும் பெயர் சீர்திருத்தமே.

இத்தனையும் கண்டபின் என்ன முடிவுக்கு வருவது? "உலக வங்கி ஒழிக" என்று சுவரில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவதா? அது எளிது. நம் தோழர்களில் பலர் அதோடு நிறைவடைகின்றனர் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். புராணத்தை வரிவரியாகப் படித்து, முரணை எடுத்துக் காட்டிய நாம், ஒரு கடன் ஒப்பந்தத்தை அப்படிப் படித்ததுண்டா? கடவுள் பெயரால் சொன்னதைக் கேள்வி கேட்டோம். வல்லுநர் பெயரால் சொன்னதை அப்படியே ஏற்கிறோம், அல்லது அப்படியே எறிகிறோம். இரண்டும் பகுத்தறிவன்று. பொருளியல் நமக்கெதற்கு என்று ஒதுங்குவோர், அப்பாடத்தைப் புதிய புரோகிதரிடம் ஒப்படைக்கின்றனர். அவர் மந்திரமும் நமக்குப் புரியாத மொழியில்தான் இருக்கிறது!

ஆகவே மூன்று கேள்விகளை மனத்தில் கொள்வோம். உதவி என்று எவரேனும் சொன்னால், திரும்பக் கேட்பார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்பது முதற் கேள்வி. அவர்கள் போன பிறகு நம் கையில் என்ன மிஞ்சும், தின்று தீர்ந்த மூட்டையா, முளைக்கும் விதையா என்பது இரண்டாவது. சீர்திருத்தம் என்று சொன்னால், அதனால் தாழ்பவன் எவன், அவனிடம் முன்னரே கேட்டீர்களா, அவனுக்கு ஈடு என்ன என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் திட்டம் வாஷிங்டனிலிருந்து வந்தாலும் வரவேற்போம். விடை சொல்லாத திட்டம் நம் கோட்டையிலிருந்து வந்தாலும் கண்டிப்போம்.

அந்தக் கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலமும் வந்துவிட்டது. கையேந்திய நாடு என்ற நிலை மாறி, கொடுக்கும் நாடு என்ற நிலையும் நமக்கு வந்திருக்கிறது. நெடுங்காலம் உலக வங்கிக் குழுமத்தின் மென்கடனை மிக அதிகம் பெற்ற இந்தியா, 2014இல் அந்தப் பட்டியலைக் கடந்தது. 2022இல் இலங்கை தவித்தபோது, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள் என முடிவாயிற்று. மே 18ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற்கப்பல் புறப்பட்டது. தமிழருக்கு மட்டும் என்றில்லாமல், அத்தீவின் மக்களெல்லார்க்கும் என்று போயிற்று. வட்டி இல்லை, தவணை இல்லை. அதற்கு உதவி என்று பெயர். அரிசியை அனுப்பியது நன்று. அடுத்த முறை விதையும் அனுப்புவோமா? நம் ஊர்ப் பெயர் சுமந்த அந்தக் கடலை விதை போல?

மறுநாள் வகுப்புக்குச் சென்றேன். முதல் நாள் எழுதியது மூலையில் அழியாமல் இருந்தது. 'உதவி' என்ற சொல்லைத் துடைத்துவிட்டுக் 'கடன்' என்று எழுதினேன். "நேற்று நீ கேட்டது சரி; நான் எழுதியது தவறு" என்றேன். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் மீண்டும் எழுந்தான்.

"அப்படியானால் ஐயா, மதியம் நமக்குப் போடும் சத்துணவு? அது உதவியா, கடனா?"

"இரண்டுமில்லை. உன் தாய் கடையில் வாங்கும் ஒவ்வொரு சோப்புக் கட்டியிலும் வரி கட்டுகிறார். அந்தப் பணத்தில் வேகும் சோறு அது. அதற்குப் பெயர் உரிமை" என்றேன்.

அவன் அந்தச் சொல்லைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டான்.